பாண்டியில் அறை எடுக்கும் முன்

அன்புள்ள வசந்தி,

கடிதம் வந்தது. அம்மா முழங்கால் வலியை மறந்து கடல் பார்க்கக் கிளம்புகிறார் என்பதே நல்ல சேதி. பாண்டியில் பீச் பக்கம் எந்த ஓட்டல் நல்லது என்று கேட்டிருக்கிறாய். நூறு அறை ஓட்டலாக இருந்தால் ஒரு பெயர் சொல்லி முடித்துவிடலாம். துய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி பக்கம் இருக்கும் எட்டு, பத்து அறை விடுதிகள் எல்லாம் பழைய வீடுகள். கூடமாக இருந்தது ஒரு அறை, சாமான் போட்டு வைத்தது இன்னொரு அறை. வாடகை மட்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே போன் செய்யும்போது அறையைக் குறிப்பிட்டுக் கேள். அந்த அறையின் படத்தையே அனுப்பச் சொல்.

அம்மாவுக்குக் கீழ்த்தளம்தான். இந்த வீடுகளில் பெரும்பாலும் லிஃப்ட் கிடையாது, படி செங்குத்து. ஆனால் கீழ்த்தளத்துக்கு ஓதம் என்று ஒரு சனியன் உண்டு. அந்தக் காலச் சுவர் சுண்ணாம்பும் செங்கல்லும். தரை ஈரத்தைத் தடுக்க அடியில் ஒன்றும் போட்டிருக்க மாட்டார்கள். ஈரம் உப்போடு மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சாக விட்டிருந்தால் அது மெல்ல ஆவியாகிப் போகும். மேலே சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்துவிட்டால் போக வழியில்லாமல் இடுப்பளவு உயரத்துக்குப் பொரிந்து உதிரும். படத்தில் கட்டிலைப் பார்க்காதே, சுவரின் அடி மூன்றடியைப் பார். அங்கே புதுப் பெயிண்ட் பட்டையாகத் தெரிந்தால் வேறு அறை கேள்.

மாடி அறைக்கு வேறு தொல்லை. கூரை மெட்ராஸ் டெரஸ்: மரக்கட்டை வரிசை, அதன்மேல் செங்குத்தாக அடுக்கிய மெல்லிய செங்கல், மேலே சுண்ணாம்புத் தளம். விரிசலை அவ்வப்போது அடைக்காவிட்டால் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழையில் ஒழுகும். நீ போவது கார்த்திகையில் என்றால் கேட்டுவிடு.

முற்றத்தைப் பார்த்த அறை அழகுதான். ஆனால் காலைப் பலகாரமும் அந்த முற்றத்தில்தான் போடுவார்கள். ஏழரைக்கெல்லாம் தட்டுச் சத்தமும் பேச்சும் ஜன்னலுக்குள் வந்துவிடும். தெருப்பக்க அறையில் இரவு ஸ்கூட்டர் சத்தம். அம்மாவுக்குப் பகல் தூக்கம் உண்டா, இரவுத் தூக்கம் முக்கியமா என்று பார்த்து முடிவு செய்.

ஏசி பற்றியும் ஒரு வார்த்தை. கடலுக்கு இரண்டு தெரு தள்ளி என்றால் உப்புக்காற்று வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். சத்தம் வரும், குளிர் வராது. போதாததற்குப் பதினான்கு, பதினைந்து அடி உயர அறை. அதற்காகப் பதினெட்டில் வைக்காதே, ஈரச் சுவர் வியர்த்துப் பூசண வாடை அடிக்கும். 25-இல் வைத்து, மின்விசிறியை மெல்ல ஓடவிடு. பெட்டியைச் சுவரை ஒட்டி வைக்காமல் நாற்காலிமேல் வை.

குளியலறை பிற்காலத்தில் ஒட்டவைத்ததுதான். தண்ணீர் வாட்டம் சரியிருக்காது, வாசல்வரை நிற்கும். அம்மாவுக்கு ரப்பர் செருப்பு கட்டாயம். உள்ளே நுழைந்ததும் சாக்கடை வாடை வந்தால் சண்டைக்குப் போகாதே. அறை சில நாள் காலியாகக் கிடந்து, தரை வடிகாலுக்குள் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். இரண்டு குவளை ஊற்று, பெரும்பாலும் அடங்கிவிடும். கீசர் எத்தனை லிட்டர் என்று பார். 15 லிட்டர், 2 கிலோவாட் என்றால் நன்றாகச் சுட இருபது நிமிடம் ஆகும், விளாவினால் இரண்டு வாளி. சுவரில் மாட்டும் 3 லிட்டர் பொடிசு என்றால் குழாயை மெல்லத் திறந்து வாளியில் பிடி. தண்ணீர் உப்புக்கரித்தால் சோப்பு நுரைக்காது, குடிக்கத் தனியாக வாங்கு.

பீச் ரோட்டில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள். நடப்பவர்களுக்குச் சொர்க்கம். ஆனால் பீச் ரோட்டிலேயே விடுதி என்றால் ஆறு மணிக்குள் போய்ச் சேர், இல்லையேல் அம்மாவும் பெட்டியுமாகப் பக்கத்துத் தெருவிலிருந்து நடக்க வேண்டும். ஆட்டோவில் ஏறுமுன் கூலியைப் பேசிவிடு. ரயிலில் போனால் ஸ்டேஷன் பீச் ரோட்டின் தெற்கு முனைக்குப் பக்கம்தான், பஸ் ஸ்டாண்டுதான் தூரம்.

கடல் என்றதும் மணலை எதிர்பார்த்துவிடாதே, பெரும்பகுதி கருங்கல் குவியல். இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980-களின் இறுதியில் தெற்கே துறைமுகத்துக்குக் கல்சுவர் கட்டியதும் அது அங்கேயே தங்கிவிட்டது, ஊருக்கு முன்னால் கரை தேய்ந்தது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்ட பிறகு கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. அம்மா கால் நனைக்க வேண்டுமென்றால் அங்கேதான். ஈரக் கல்மேல் ஏறவேண்டாம், பாசி வழுக்கும். கிழக்குக் கரை, விடியலில் போங்கள்.

செலவு கட்டாது என்றால் அரவிந்தர் ஆசிரம விடுதிகள் இருக்கின்றன. சுத்தம், குறைந்த வாடகை. இரவு பத்தரைக்குக் கதவு சாத்திவிடுவார்கள். உன் வீட்டுக்காரர் சிகரெட்டைப் பெட்டிக்குள் பூட்ட வேண்டும். பிப்ரவரி 21, ஆகஸ்ட் 15 போன்ற தரிசன நாட்களை ஒட்டி இடம் கிடைப்பது கஷ்டம். மற்ற விடுதிகளில் வெள்ளி முதல் ஞாயிறு வரை சென்னை, பெங்களூர்க் கூட்டம், வாடகையும் ஏறும். செவ்வாய், புதன் பார்.

தேதி முடிவானதும் எழுது. பதிவு செய்யும்முன் அறைப் படத்தை எனக்கும் அனுப்பு, சுவரைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாலதி