இகுவாசுவில் இன்னொரு நாள் வையுங்கள்

தென் அமெரிக்காவுக்குத் தமிழ்க் குழுக்களை அழைத்துச் செல்லும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவரோடு இகுவாசு அருவி பார்த்து வந்தவன் நான். சாப்பாட்டில் குறையில்லை, ரசம்கூடக் கிடைத்தது. அருவிக்கு ஒரு நாள், டியூட்டி ஃப்ரீ கடைக்கு அரை நாள் ஒதுக்கியிருந்தீர்கள். சான் இக்னாசியோ ஊரின் பழைய இடிபாடுகளைப் பார்க்கப் போகலாமா என்று கேட்டேன். "இடிஞ்ச சர்ச் சார், அங்க என்ன இருக்கு?" என்றார் உடன் வந்தவர். குழு ஊர் திரும்பியதும் நான் மட்டும் தங்கி, பஸ் பிடித்துப் போனேன். அதனால்தான் இந்த மடல்.

அருவி இருக்கும் அர்ஜென்டினா மாகாணத்தின் பெயர் மிசியோனெஸ். வரைபடத்தில் பாருங்கள்: பிரேசிலுக்கும் பராகுவேக்கும் நடுவே நீட்டிய விரல் மாதிரி இருக்கும். மேற்கே பரானா, கிழக்கே உருகுவே, வடக்கே இகுவாசு என்று எல்லையில் பெரும்பகுதி ஆறுதான். ஆறே எல்லையானால் சண்டை வராது என்று நினைப்போம். இங்கே எந்த ஆறு எது என்பதே வழக்கு! ஒப்பந்தத்தில் சொன்ன பெப்பிரி குவாசு ஆறு இன்னும் கிழக்கே ஓடுவதுதான் என்றது அர்ஜென்டினா. இல்லை என்றது பிரேசில். 1895-ல் அமெரிக்க அதிபர் கிளீவ்லாந்து நடுவராக இருந்து பிரேசில் பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

அதற்கு முன்பே இது எல்லைக் காடுதான். சாவோ பாவ்லோவிலிருந்து அடிமை பிடிக்க வந்த கூட்டத்துக்கு அஞ்சி, 1631-ல் அந்த மண்ணின் பழங்குடிகளான குவாரானி மக்கள் ஆயிரக்கணக்கில் இயேசு சபைப் பாதிரியார்களோடு பரானா வழியாகத் தெற்கே இறங்கினார்கள். பத்தாண்டு கழித்து, 1641-ல், உருகுவே ஆற்றங்கரையில் ம்போரொரே என்ற இடத்தில் திருப்பி அடித்தார்கள். அவர்களிடம் இருந்த பீரங்கிகளில் சில, மூங்கிலில் தோலைச் சுற்றிச் செய்தவை. இதை அருவி முன்னால் நின்று உங்கள் வழிகாட்டி ஒருமுறை சொல்லட்டும், யார் செல்ஃபி எடுக்கிறார்கள் பார்ப்போம்.

நம்மவர்களுக்குச் சொல்ல இன்னொன்றும் உண்டு. 1705-லேயே, அந்தப் பாதிரியார்கள் குவாரானிகளோடு அமைத்த மிஷன் ஊர்களில் குவாரானி மொழியில் புத்தகம் அச்சாகிவிட்டது. அதே சபையைச் சேர்ந்த நம் வீரமாமுனிவர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியதே அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான்.

அந்த மிஷன் ஊர்களில் ஒன்றுதான் நான் போன சான் இக்னாசியோ மினி. இப்போதிருக்கும் இடத்துக்கு அது 1696-ல் வந்தது. 1767-ல் ஸ்பெயின் மன்னர் இயேசு சபையை வெளியேற்ற ஆணையிட்டார். பிறகு ஊர் தேய்ந்து, காடு மூடியது. 1984-ல் உலக மரபுச் சின்னமானது. சிவப்பு மணற்கல் வாசலில் குவாரானிச் சிற்பிகள் செதுக்கிய தேவதைகள் இன்னும் நிற்கின்றன. உள்ளே ஓரிடத்தில், நம் ஆல் அத்தி இனத்து மரம் ஒன்று கல்தூண் ஒன்றை முழுசாக விழுங்கி வளர்ந்திருக்கிறது. விரிசலில் விரலை விட்டால் உள்ளே கல் தட்டுப்படும்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா சுரைக்குடுவையில் மாத்தே என்ற இலைப் பானத்தை உறிஞ்சிக்கொண்டே வந்தார், எனக்கும் நீட்டினார். வேப்பங்கொழுந்துக்குப் பக்கத்தில் வரும் கசப்பு. அந்த இலையைப் பறிக்க, ஒரு காலத்தில் மாகாணத் தலைநகர் போசாதாஸில் முன்பணம் கொடுத்து ஆள் பிடித்து, படகில் ஏற்றி, கடன் தீராமல் காட்டிலேயே வைத்து வேலை வாங்கினார்கள். அவர்களுக்கு 'மென்சு' என்று பெயர். தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணியோடு போன குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புவெர்தோ இகுவாசுவிலிருந்து சான் இக்னாசியோ சுமார் 240 கிலோமீட்டர், 12-ஆம் எண் நெடுஞ்சாலையில் நேரே போகலாம். கடைக்கு வைத்த அரை நாளை எடுத்துவிட்டு ஒரு இரவு சேர்த்தால் போதும். கூடும் பணத்தைக் கேளுங்கள், கொடுப்போம்.

பயணக் குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: வெள்ளை ஷூ வேண்டாம். அந்தச் செம்மண் என் ஷூவிலிருந்து இன்னும் போகவில்லை.

இப்படிக்கு,
உங்கள் பழைய பயணி