907 ஆட்டங்கள், மச்சான்

அன்பு மச்சான்,

தை மாதம் நீ எழுதியதற்குப் பதில் வைகாசியில் வருகிறது. திட்டுவதென்றால் முதலில் திட்டிவிட்டு மிச்சத்தை வாசி. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு, பெரியவள் பல்கலைக்கழகம் போகிறாள், அக்காவைக் கேட்டதாகச் சொல். நெட்டையனின் மகளுக்குக் கல்யாணம் என்பதை நீ வட்ஸ்அப்பில் அனுப்பும் ஸ்டிக்கர்களுக்கு நடுவிலிருந்து ஒருமாதிரிக் கண்டுபிடித்தேன். ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவாய்?

சரி, விஷயம் சின்னவனைப் பற்றியது.

போன மாதம் அவனுடைய ஐஸ் ஹொக்கி அணிக்கு ட்ரையவுட் நடந்தது. மூன்று நாள். எடுபட்ட பிள்ளைகளின் இலக்கங்களை இரவு ஒன்பது மணிக்கு இணையத்தில் போட்டார்கள். அவனுடைய இலக்கம் இல்லை. நான்கு குளிர்காலம் அதே அணியில் தடுப்பாட்டக்காரனாக நின்றவன், மச்சான். விடியுமுன் ஐந்து மணிக்கு, கார்க் கண்ணாடியில் ஐஸ் சுரண்டிவிட்டு, அரைத் தூக்கத்தில் இருந்தவனை அரீனாவுக்குக் கொண்டுபோன நாட்களுக்குக் கணக்கில்லை. அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் அந்தக் கோச் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தோளில் கைவைத்து "இந்த முறை இல்லையடா தம்பி" என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? அவன் அழவில்லை. மறுநாள் இரவு என் அறை வாசலில் வந்து நின்று, "அப்பா, ஸ்கேட்டை வித்துவிடுங்கோ" என்றான்.

அன்றிலிருந்து எனக்கு ரொன் ஹெய்ன்சியின் நினைப்புத்தான். உனக்குப் பெயர் தெரிந்திருக்காது. ஐஸ் ஹொக்கியின் பெரிய லீக்கான என்எச்எல்லில் 2017 முதல் 2019 வரை எங்கள் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கு ஆடிய தடுப்பாட்டக்காரர். சோடியாக ஆடிய மோர்கன் ரைலி வட்டோடு (இங்கே பந்துக்குப் பதில் அதுதான்) முன்னே பாய்ந்து போவார், இவர் பின்னால் காவல் நிற்பார். நம்முடைய ஆள் ஒருவர் தண்டனை பெற்று வெளியே இருக்கும்போது நான்கு பேராக நின்று ஐந்து பேரைத் தடுக்கவேண்டும் பார், அந்த இரண்டு நிமிடத்துக்கு முதலில் இறங்குகிறவர்களில் இவர் ஒருவர். அந்த ரப்பர் வட்டு சீறிக்கொண்டு வரும் வழியில் போய் உடம்பைக் கொடுப்பதுதான் வேலை. நீ பின்வரிசையில் நின்ற காலத்தில் பந்துக்கு முதுகைக் காட்டுவாயே, இவர் அப்படியில்லை. (அந்தக் கோர்னர் கிக்கை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.)

மனிதர் அமெரிக்கர், கனெக்டிகட் மாநிலத்தில் போல்டன் ஊர்க்காரர். லீக்கின் அணிகள் முறைவைத்து இளம் வீரர்களை எடுக்கும் தெரிவில், 2000ஆம் ஆண்டு மொன்றியல் அணி அவரை முதல் சுற்றிலேயே 13ஆவது ஆளாகத் தெரிவு செய்தது. பிறகு என்ன? பெரிய அணிக்கு முப்பது சொச்சம் ஆட்டங்கள். மிச்சக் காலமெல்லாம் கீழ்மட்ட லீக்கில், அதிலும் எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹமில்ரனில். 2005 கார்த்திகையில் அவரை 'வேவர்ஸ்' என்பதில் போட்டார்கள். அதாவது, இந்த ஆளைக் கீழே அனுப்பப்போகிறோம், வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்குள் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று மற்ற எல்லா அணிகளுக்கும் அறிவிப்பது. ஒரு நாள் முழுக்க மனிதன் தொலைபேசிக்குப் பக்கத்தில் காத்திருக்கவேண்டும். இந்த ஒரு நாளை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அவரைக் கொலம்பஸ் எடுத்தது.

அங்கிருந்து 2008இல் அற்லாண்டா. ஐந்து வருடத்துக்கு 22.5 மில்லியன் டொலர் ஒப்பந்தம், ஆகவே ஏழைக் கதை சொல்கிறேன் என்று நினைக்காதே. 2011இல் அந்த அணியையே விற்று வினிபெக்குக்குக் கொண்டுபோனார்கள், இவரும் சாமான் கட்டினார். 2012இல் முதலாளிகள் லீக்கைப் பூட்டியபோது வீரர்கள் பக்கத்தில் பேச்சுவார்த்தைக் குழுவில் இருந்தார். அடுத்த கோடையில் ஒப்பந்தம் முடிந்தது, ஒருவரும் கூப்பிடவில்லை. பயிற்சி முகாம் தொடங்குகிற நேரத்தில், புரட்டாதியில், கரோலினா ஒரு வருடத்துக்கு எடுத்தது.

இப்போது கேள். அப்போது 30 அணிகள் இருந்த லீக்கில் 16 அணிகள் பிளேஓஃபுக்கு, அதாவது பருவ முடிவில் கிண்ணத்துக்காக ஆடும் சுற்றுகளுக்கு, போகும். பாதிக்கும் மேல்! ஆனால் இந்த மனிதருக்கு அங்கே ஆட ஒருமுறைகூட வாய்க்கவில்லை. 907 ஆட்டங்கள், மச்சான். பிளேஓஃபில் ஒரு நிமிடம்கூட ஆடாமல் 907 வழமையான ஆட்டங்கள். அவருக்கு முன் ஒருவரும் அவ்வளவு காத்திருக்கவில்லை. 2017 மாசி 23ஆம் திகதி பிற்ஸ்பேர்க் அவரை வாங்கியது. அங்கே அவர்களுடைய பெரிய தடுப்பாட்டக்காரர் கிரிஸ் லெட்டாங்குக்குக் காயம், ஆகவே நின்று பிடிக்க ஆள் தேவைப்பட்டது. சித்திரை 12, 36 வயதில் முதல் பிளேஓஃப் ஆட்டம். எதிரணி யார் தெரியுமா? கொலம்பஸ். அன்று வேவர்ஸில் இருந்து அவரைத் தூக்கி எடுத்த அதே கொலம்பஸ்.

அந்த வருடம் பிற்ஸ்பேர்க் ஆடிய 25 பிளேஓஃப் ஆட்டங்களிலும் ஹெய்ன்சி இறங்கினார். ஆனி 11, நாஷ்வில்லில் கிண்ணம் வென்றார்கள். ஸ்டான்லி கப்பைத் தலைவர்தான் முதலில் தூக்குவார், பிறகு அடுத்து யார் கையில் என்பது அவருடைய தெரிவு. சிட்னி குரொஸ்பி நேரே ஹெய்ன்சியிடம் கொடுத்தார். அதற்கு முந்தைய வருடம் ட்ரெவர் டேலியிடம் கொடுத்தவர் அவர். டேலி எங்கள் ரொறன்ரோவில் பிறந்தவர், கணுக்கால் முறிந்து கடைசிச் சுற்றில் ஆட முடியாமல் போனது, தாய்க்குப் புற்றுநோய். மகன் கிண்ணத்தோடு நின்றதைப் பார்த்து ஒரு வாரம் சொச்சத்தில் அந்தத் தாய் போய்விட்டார். இரண்டு வருடமும் இரண்டு தடுப்பாட்டக்காரர்கள். குரொஸ்பியில் எனக்கு இருக்கிற மரியாதைக்கு அவர் அடித்த கோல்கள் காரணமில்லை, இதுதான் காரணம்.

இதையெல்லாம் சின்னவனுக்குக் காரில் வைத்துச் சொன்னேன். 401 நெடுஞ்சாலையில் நெரிசல், முழுக்கதையும் சொல்ல நேரம் இருந்தது. பிறகு ரொறன்ரோ, கடைசியில் ஒட்டாவா, மொத்தம் 1,132 ஆட்டங்கள் என்று முடித்தேன். அவன் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டான். கடைசியில் மெதுவாகச் சொன்னான்: "அப்பா, அவர் முதல் சுற்றில் 13ஆவதாக எடுபட்டவர். நான் என்ர ஏரியா டீமிலேயே எடுபடேல்ல."

எனக்கு வாயடைத்துப் போய்விட்டது, மச்சான். அவன் சொன்னது சரிதானே. அவர் எத்தனை முறை விழுந்தாலும் அடுத்த ஊரில் ஒரு அணி இருந்தது. பிள்ளைக்கு ஆறுதல் என்று நினைத்துச் சொன்ன கதை எனக்கு ஆறுதலான கதையாகத்தான் இருந்திருக்கிறது. நான் கனடா வந்த முதல் ஏழு வருடத்தில் எத்தனை வேலை மாறினேன் என்று உனக்குத் தெரியும்.

ஆகவே உன்னிடம் கேட்கிறேன். பதினைந்து வயதுக்குட்பட்ட பெடியன்களின் உதைபந்தாட்ட அணியை நீ பத்து வருடமாகப் பழக்குகிறாய். வாசிகசாலைக் கிறவுண்டில் நீ பெயர்களை வாசிக்கும்போது ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவனின் பெயர் இருக்காதுதானே. அவனிடம் என்ன சொல்கிறாய்? சைக்கிளில் அவனோடு வீடுவரைக்கும் போவாய் என்று கட்டையன் ஒருமுறை சொன்னான். அந்த வழியில் என்ன பேசுவீர்கள்?

ஸ்டிக்கர் அனுப்பாதே. எழுது. ஸ்கேட் இன்னும் கார் டிக்கியில்தான் கிடக்கிறது, உன் கடிதம் வரும்வரை நான் அதை எடுக்கப்போவதில்லை.

அன்புடன்,
உன் கூட்டாளி
ஸ்காபரோ