மன்னோ குளத்தில் மடை திறந்த நாள்

மருகமே, ககாவா
ஜூன் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? அப்பத்தா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா?

போன வாரம் போனில், "அங்கே விவசாயம் உண்டாப்பா, எல்லாம் கம்பெனிதானா?" என்று கேட்டீர்கள். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஏதோ சொல்லிவிட்டேன். நேற்று முன்தினம் ஒரு காட்சி பார்த்தேன். உங்களுக்கு அதை எழுதித்தான் சொல்ல வேண்டும்.

ஜப்பானின் 47 மாநிலங்களில் ககாவாதான் சிறியது. நம் சிவகங்கை மாவட்டத்தில் பாதிகூட வராது. தெற்கே மலை, வடக்கே கடலைத் தாண்டினால் இன்னொரு மலை. இரண்டு பக்கமும் மழைக்காற்றை மறித்துக்கொள்கின்றன. வருடத்துக்கு 1,100 மில்லிமீட்டர் சொச்சம் பெய்கிறது. நமக்கு அது பெரிய மழை, இந்த நாட்டுக்குக் குறைவு. ஆறுகளும் நீளம் குறைவு, பெய்தது உடனே கடலுக்கு ஓடிவிடும். அதனால் முன்னோர்கள் குளம் குளமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு சின்ன இடத்தில் 12,000-க்கும் மேல்!

அதில் பெரியது மன்னோ. சுற்றளவு சுமார் 20 கிலோமீட்டர். வெட்டி 1,300 வருடம் ஆகிறது. 818-இல் கரை உடைந்தது. 821-இல் கூக்காய் என்ற புத்தத் துறவி வந்து நின்று கட்டிக்கொடுத்தார். அவர் பிறந்த ஊர் இங்கே பக்கத்தில்தான். கரையை உள்பக்கமாக வில் போல வளைத்திருக்கிறார்கள், தண்ணீர் அழுத்தத்தைத் தாங்க. 1184-இல் மறுபடி உடைந்து நானூறு வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. குளத்துக்குள்ளேயே ஊர் உண்டாகிவிட்டதாம். 1631-இல்தான் மீண்டும் கட்டி முடித்தார்கள்.

என்னுடன் வெல்டிங் பார்க்கும் பெரியவருக்கு அந்தப் பாசனத்தில் கொஞ்சம் வயல் உண்டு. வருடாவருடம் ஜூன் 15-இல் மடை திறப்பார்கள், வா என்று அழைத்துப் போனார். கரையில் பூசாரி வந்து பூசை செய்தார். கொஞ்ச நேரத்தில் கரைக்குக் கீழே தண்ணீர் வெள்ளையாகச் சீறிக்கொண்டு வந்தது. சாரல் முகத்தில் அடித்தது. வாய்க்காலில் பழைய சருகெல்லாம் முன்னால் உருண்டு போக, பின்னால் தண்ணீர் போனது. பெரியவர் கைகட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு உங்களைப் பார்ப்பது போலவே இருந்தது.

அந்த நாளுக்கு 'யுருநுகி' என்று பெயர். யுரு என்றால் அடைப்புக்கட்டை. முன்பு மரக்கட்டையை ஆட்கள் சேர்ந்து மேலே தூக்கித்தான் திறப்பார்களாம். நம் கண்மாய்க் குமிழியும் அப்படித்தானே அப்பா?

இன்னொன்று கேளுங்கள். வறட்சி வந்தால், ஒரு வயலுக்கு ஓர் ஊதுவத்தி எரிந்து முடியும் வரை தண்ணீர், அப்புறம் அடுத்த வயல். இப்படித்தான் முறை விட்டிருக்கிறார்கள். 1974-இலிருந்து பக்கத்து மாநிலத்து யோஷினோ ஆற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து கால்வாயில் வருகிறது. அப்படியும் குளங்களை விடவில்லை. 1994-இல் அந்த ஆற்றின் அணையே வற்றியபோது, சில ஊர்களில் மறுபடி ஊதுவத்தி கொளுத்தினார்களாம். ஆற்றுத் தண்ணீர் வந்ததும் குளத்தைத் தூர்த்திருந்தால் அன்றைக்கு என்ன செய்திருப்பார்கள்?

போன மாதம் வரை கோதுமை நின்ற வயலில் இப்போது நாற்று நடுகிறார்கள். கோதுமையில்தான் உதோன் செய்வார்கள், தடிமனாக இருக்கும் நூடுல்ஸ். காலை ஏழு மணிக்கே சில கடைகள் திறந்துவிடும். சில கடைகளில் நாமே கூடையில் போட்டு வெந்நீரில் முக்கி எடுத்து, குழம்பு ஊற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் குழம்பு நெத்திலிக் கருவாட்டுச் சாறு. அம்மாவிடம் சொல்லுங்கள், முதல் நாள் அந்த வாசனைக்கே கண் கலங்கிவிட்டது.

வேலை பரவாயில்லை. கப்பல் கட்டும் தளத்தில் வெயில்தான் கடுமை. இந்த ஊர் மூங்கில் விசிறிக்குப் பேர் போனது. அப்பத்தாவுக்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

நம் கண்மாயில் நடுமடை போன வருடமே கசிந்தது. சரி செய்தார்களா? ஊர்க் கூட்டத்தில் ஆள் கூலிக்குப் பணம் கேட்டால் என் பங்கை இங்கிருந்து அனுப்புகிறேன். உபரித் தண்ணீர் வழியும் கலுங்கையும் ஒருமுறை போய்ப் பார்த்து, தம்பியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெரியவர் பார்க்க வேண்டும் என்கிறார்.

உங்கள் அன்பு மகன்