அட்டகாமாவில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் தாமிரம் தேடும் இடத்திலிருந்து நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சைக் கறை படிந்த பாறைகளைத்தான் ஆசையாக எடுத்திருக்கிறாய். அவற்றுக்குப் பின்னால் தெரியும் காவி மேட்டுக்கு நீ போகவே இல்லையா? நான் அங்கே இருந்திருந்தால் முதலில் அங்குதான் ஏறியிருப்பேன்.

பச்சை கண்ணை இழுக்கும். அந்தப் பச்சைக் கனிமம் அட்டகாமைட்டோ கிரைசோகொல்லாவோ, அதில் தாமிரம் இருப்பது உண்மைதான். ஆனால் தாமிரம் இடம்பெயரும், கண்ணம்மா. இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமமான பைரைட் நீரும் காற்றும் பட்டுச் சிதைந்தால் அமிலம் உண்டாகும். தாமிரம் அதில் கரைந்து கீழே இறங்கும், பக்கவாட்டிலும் ஓடும். சுக்கிகமாட்டா தாமிரச் சுரங்கத்துக்குத் தெற்கே சரளைக்குள் கிடைத்த எக்ஸோடிகா படிவு அப்படி ஓடிச் சேர்ந்ததுதான். அதனால் பச்சையைப் பார்த்ததும், இது எங்கிருந்து வந்தது என்று கேள்.

காவி மேடு, தாமிரம் கழுவப்பட்டுப்போன மேல்மூடியாக இருக்கலாம். அங்கே எடுத்த மாதிரியில் தாமிரம் சொற்பமாக வந்தால் மனம் தளராதே, தாமிரத்தோடு சேர்ந்து வரும் உலோகமான மாலிப்டினத்தைப் பார். அமிலச் சூழலில் அது லேசில் நகராது. இரும்பு ஆக்ஸைடுகளோடு ஒட்டிக்கொண்டு மேலேயே நின்றுவிடும். பாறையின் நிறத்தையும் குறித்துக்கொள். கருஞ்சிவப்பு இரும்பு ஆக்ஸைடான ஹெமடைட் நிறைய இருந்தால் அங்கே முன்பு தாமிரம் செறிந்த கனிமமான சால்கோசைட் இருந்திருக்கலாம். மஞ்சள் ஜாரோசைட் என்றால் பைரைட் மிகுதி. 1981-இல் டேவிட் லோவெலின் குழு சிலியின் எஸ்கோண்டிடா தாமிரப் படிவைக் கண்டுபிடித்தபோதும் மேலே இருந்தது இப்படிக் கழுவப்பட்ட பாறைதான். அதைத் தாண்டித் துளையிட்ட பிறகுதான் செறிவான சால்கோசைட் அடுக்கு கிடைத்தது.

தரைக்குள் மின்சாரம் செலுத்திக் கனிமம் தேடும் ஐ.பி. சர்வேயில் எலக்ட்ரோடு குழிகளில் உப்புநீர் ஊற்றச் சொல், காய்ந்த தரையில் மின்சாரம் ஏறாது. வரைபடத்தில் பளிச்சென்று தெரியும் இடத்திலேயே துளையிட வேண்டும் என்பார்கள். பல சமயம் அது படிவைச் சுற்றியுள்ள வெளிவட்டத்துப் பைரைட்டாகத்தான் இருக்கும். தாமிரம் அதற்கு உள்ளே இருக்கலாம்.

அப்புறம் கோர், துளையிட்டு எடுக்கும் பாறைத் தண்டு. எனக்கு மிகவும் பிடித்த வேலை அதைப் பார்ப்பதுதான். சிலியிலுள்ள எல் சால்வடார் சுரங்கத்தைப் பற்றி கஸ்டாஃப்சனும் ஹன்டும் 1975-இல் எழுதிய கட்டுரையை மறுபடி படி. பாறை விரிசல்களில் கனிமம் நிரம்பிய கோடுகளைத்தான் நரம்புகள் என்கிறோம். அவற்றில் கோணல்மாணலாக ஓடும் ஏ நரம்புகள் முதலில் வந்தவை. நேராக ஓடி, நடுவிலோ ஓரத்திலோ மாலிப்டினத்தின் கனிமமான மாலிப்டினைட் பிடித்திருப்பவை பி. வெளிறிய செரிசைட் (நுண்ணிய மைக்கா) ஓரத்தோடு வரும் பைரைட் நரம்புகள் டி, கடைசியில் வந்தவை. எது எதை வெட்டுகிறது என்பதை லென்ஸ் வைத்துப் பார்த்து எழுது. அந்த வரிசை தெரிந்தால், படிவின் மையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறாயா, விலகிவிட்டாயா என்று ஊகிக்கலாம். மாலிப்டினைட்டா என்று சந்தேகம் வந்தால் காகிதத்தில் தேய்த்துப் பார். நீலம் கலந்த சாம்பல் கோடு விழும்.

பெரும்பாலான துளைகளில் ஒன்றும் கிடைக்காது. அவற்றையும் இதே அக்கறையோடு பதிவுசெய். அடுத்த துளையை எங்கே போடலாம் என்று பிறகு வருபவர்கள் அந்தப் பதிவைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். கிடைக்காத துளையை அவசரமாக எழுதி மூடுபவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

சரி, உன் உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். உயரம் பழகும்வரை மேடு ஏறுவதில் அவசரம் காட்டாதே. தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடி. துணைக்கு வேறு வண்டி இல்லாமல் ஒரே வண்டியில் பாலைவனத்துக்குள் போகச் சொன்னால், யார் சொன்னாலும் மறுத்துவிடு. இரண்டாவது வண்டி வரும்வரை முகாமிலேயே கோர் பார்த்துக்கொண்டிரு.

அன்புடன்,
அம்மா