என் இடத்தை எனக்காக வைத்திருந்தவருக்கு

அப்பா நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். என்ன நடந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

கொட்டுகிற மழையில் வேளச்சேரியிலிருந்தும் பெரம்பூரிலிருந்தும் ரத்தம் கொடுக்க வந்தவர்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் முறை வைத்துப் படுத்துக்கொண்ட அண்ணன்கள், வேளை தவறாமல் டிபன் கேரியர் கொடுத்தனுப்பிய கீழ்வீட்டு அக்கா, ஆபீஸில் என் வேலையையும் சேர்த்து இழுத்துப் போட்டுக்கொண்டவர்கள்... உங்கள் எல்லோருக்கும் ஒரே வரியில் நன்றி சொல்லி முடிப்பது நியாயமில்லை. ஒவ்வொருவர் வீட்டுக்கும் அம்மாவோடு வருகிறேன்.

இன்று ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் எந்த நாட்டுக்காரர் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. தமிழ் வாசிக்க வராது. இணையப் பக்கங்களைத் திரையில் வரைந்து காட்டும் சர்வோ என்ற திறமூல (நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய) உலாவி எஞ்சினைப் பராமரிப்பவர்களில் ஒருவர்.

அதில் நான் செய்துகொண்டிருந்தது சின்ன வேலைதான். ‘கொ’ என்பது நமக்கு ஓர் எழுத்து. திரையிலோ ஒற்றைக்கொம்பு, க, கால் என்று மூன்று துண்டுகளாக அது வரையப்படுகிறது. பக்கத்தை வடிவமைப்பவர் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டினால் அந்த மூன்றும் பிரியாமல் ஒன்றாக நிற்க வேண்டும். நிற்கிறதா என்று பார்க்கும் டெஸ்டுகளைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். சர்வோவில் சேரும் இப்படிப்பட்ட டெஸ்டுகள் எல்லா உலாவிகளுக்கும் பொதுவான தொகுப்புக்கும் போய்விடும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றையும் உருவாக்குபவர்கள் அந்தத் தொகுப்பைப் பயன்படுத்துகிறார்கள். அதனாலேயே எனக்கு இதில் அவ்வளவு ஆசை.

பாதி எழுதியிருந்தபோதுதான் அந்த போன் வந்தது. லேப்டாப்பை மூடிவிட்டு ஓடினேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்த வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும். தினமும் பல கைகள் மாற்றிக்கொண்டே இருக்கும் நிரலில், பாதியில் விட்ட புல் ரிக்வெஸ்ட் (‘என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற விண்ணப்பம்) சீக்கிரமே பொருந்தாமல் போய்விடும். ஆள் பதில் சொல்லாவிட்டால் மூடிவிடுவார்கள், அதில் தவறே கிடையாது. அந்தப் பராமரிப்பாளரே உட்கார்ந்திருந்தால் ஒரு மாலையில் தன் பெயரில் முடித்திருக்கலாம். அதுவும் தவறில்லை. அவர் இரண்டையும் செய்யவில்லை. ஊருக்குப் போனவர் வீட்டுத் துளசிக்குப் பக்கத்து வீட்டார் தண்ணீர் ஊற்றுவதுபோல, மற்றவர்களின் மாற்றங்களோடு மோதல் வரும்போதெல்லாம் என் மாற்றத்தைப் புதிய நிரலின் மேல் பொருந்தும்படி ரீபேஸ் செய்து வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். 

ஒருநாள் ஐசியு வாசலில் மொபைலைத் திறந்தபோது அந்த அறிவிப்புகள் வரிசையாகக் கிடந்தன. யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நிரலின் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட்டில் ஒவ்வொரு கமிட்டுக்கும், அதாவது பதிவாகும் ஒவ்வொரு மாற்றத்துக்கும், எழுதியவர் பெயர் தனி, பதிவிட்டவர் பெயர் தனி. பதிவிட்டவர் இடத்தில் அவர் பெயர் இருந்தது. எழுதியவர் இடத்தில் என் பெயர் அப்படியே இருந்தது. ஓரிடத்தில் தமிழ் தெரிந்தவர்தான் முடிவு சொல்ல முடியும். அதை அவர் தொடவே இல்லை. ‘இது அவர் வந்து பார்க்கட்டும், அவசரமில்லை’ என்று மட்டும் எழுதியிருந்தார். அங்கேயே நின்று அழுதேன். அந்த நாட்களில் என் வாழ்க்கையில் எல்லாமே நின்று போயிருந்தது. இது ஒன்று மட்டும் நான் திரும்பி வருவேன் என்று நம்பிக் காத்திருந்தது.

நேற்று ராத்திரி அப்பா தூங்கிய பிறகு அந்த ஓரிடத்தைச் சரிபார்த்து அனுப்பினேன். காலையில் அது மெர்ஜ் ஆகி, சர்வோவோடு சேர்ந்துவிட்டிருந்தது.

சர்வோவுக்கே இப்படி ஒரு காலம் இருந்தது. 2012-இல், ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் ஆராய்ச்சியாகத் தொடங்கியது அது. 2020-இல் அந்தக் குழு கலைந்து, திறமூலத் திட்டங்களுக்கு இடம் தரும் லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குத் திட்டம் போனது. 2023-இல் இகாலியா நிறுவனத்தார் வந்து மறுபடி வேகம் கொடுக்கும்வரை, அதை முற்றிலும் அணைந்துவிடாமல் வைத்திருந்தவர்கள் வெகு சிலர். இன்று பக்க வடிவமைப்புக்கான ஃபிளெக்ஸ்பாக்ஸ், கிரிட் என்று ஒவ்வொரு புதிய வசதியும் வரும்போது, அதை எழுதியவர்களைக் கைதட்டிக் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் புதிதாக எதுவும் வராத அந்த ஆண்டுகளில் இருந்தவர்களை நினைத்து எனக்கு இப்போது நெஞ்சு நிறைகிறது. அவர்களுக்கும் என் நன்றி.

கிண்டியில் படிக்கும் தம்பி ஒருவர், எங்கள் தமிழ் டெஸ்டுகளில் ஒரு பகுதியைத் தொடங்கிவிட்டுப் பரீட்சைக்குப் படிக்கப் போயிருக்கிறார். அவருடைய ரெப்போவில் (நிரலை வைத்திருக்கும் இடத்தில்) எழுத எனக்கும் அனுமதி தந்திருக்கிறார். இன்று காலை அதைத்தான் முதலில் ரீபேஸ் செய்தேன். இனி வாரம் தவறாமல் செய்வேன். தம்பி, நிம்மதியாக எழுதிவிட்டு வாருங்கள். உங்கள் பெயரில்தான் இருக்கிறது.