அன்னாவிடம் யார் கேட்டார்கள்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய 'மை சிஸ்டர்ஸ் கீப்பர்' நாவலை நேற்று ராத்திரி முடித்தேன். நோயாளி அக்கா கேட்டைக் காப்பாற்றவென்றே பெற்றெடுத்த தங்கச்சி அன்னா, ரத்தம், எலும்பு மஜ்ஜை எல்லாம் கொடுத்த பிறகு, கிட்னியும் கொடுக்க மாட்டேன் என்று அப்பா அம்மா மேல் வழக்குப் போடுகிற கதை. "அழாமல் படிங்கப்பா" என்று முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாய். அழுகை வரவில்லை, இரண்டு மூன்று இடத்தில் கோபம்தான் வந்தது. போனில் சொன்னால் நீ பாதியிலேயே மறித்துச் சண்டைக்கு வருவாய். அதனால்தான் கடிதம்.

முதலில் ஒரு லேப்காரனின் நொட்டை. நாவல் வந்தது 2004-இல். அதில் கேட்டுக்கு வருவது ஏ.பி.எல். என்கிற ரத்தப் புற்றுநோய். ஒரு காலத்தில் பொல்லாத நோய்தான். இன்றைக்கு ரத்தப் புற்றுநோய்களிலேயே நன்றாகக் குணமாகிற வகைகளில் அதுவும் ஒன்று. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஆர்செனிக்கை மட்டுமே மருந்தாகக் கொடுத்து நல்ல பலன் கண்டதை 2006-இல் எழுதினார்கள். ஆமாம், பழைய கொலைக் கதைகளில் பாலில் கலந்து கொடுப்பார்களே, அந்தப் பாஷாணம்தான். இப்போது அதே நோய் வந்திருந்தால் கேட்டுக்கு அநேகமாகத் தங்கச்சியே தேவைப்பட்டிருக்காது, நாவலும் இருந்திருக்காது. சரி, கதைக்கு வருகிறேன்.

அந்த அம்மா சாராவை "ராட்சசி" என்று எழுதியிருந்தாய். எனக்கு அப்படிப் படவில்லை. எங்கள் லேப் ஜன்னலுக்கு வெளியே எத்தனையோ சாராக்கள் வந்து நின்றிருக்கிறார்கள். கையில் பிளாஸ்டிக் கவரில் ஃபைல், தோளில் ஃப்ளாஸ்க். ரிப்போர்ட்டை நான் எடுப்பதற்குள் "ப்ளேட்லெட் எவ்வளவு சார்?" என்பார்கள். நேற்றைய எண், முந்தாநாள் எண் எல்லாம் வாய்ப்பாடு மாதிரி சொல்வார்கள். ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்த இன்னொரு பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்டால் மட்டும் ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். பாசம் குறைந்ததால் அல்ல. ஒரு பிள்ளை உயிருக்குப் போராடும்போது, நன்றாக இருக்கிற பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது. நாவலில் மூத்த பையன் ஜெஸ்ஸி ஊரில் தீ வைத்துத் திரிவதும், அப்பா தீயணைப்புக்காரராக இருப்பதும் கொஞ்சம் அளவெடுத்துத் தைத்த மாதிரிதான் இருக்கிறது. ஆனாலும் புத்தகத்திலேயே எனக்கு உண்மையாகப் பட்டவன் அவன்தான். அவனுடைய ரத்தம் கேட்டுக்குப் பொருந்தாது, எதற்கும் உதவாது. அதனால் வீட்டில் அவனைத் தேடுவார் இல்லை.

கூடப் பிறந்தவர்களுக்குள் ஒருவருடைய மஜ்ஜை இன்னொருவருக்கு முழுசாகப் பொருந்த நான்கில் ஒரு பங்குதான் வாய்ப்பு. டெஸ்ட் அன்றைக்கு அண்ணன், தம்பி, தங்கை எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்து ஊதா மூடி ட்யூபில் ரத்தம் எடுப்போம். ஒரு தடவை ஏழெட்டு வயசுப் பெண் ஒருத்தி, ஊசி குத்தும்வரை பேசாமல் இருந்தாள். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அம்மா காதில் விழாத மாதிரி என்னிடம் கேட்டாள்: "எனக்குச் சேரலன்னா திட்டுவாங்களா மாமா?" திட்டமாட்டார்கள் என்று சொன்னேன். ரிசல்ட் வந்தது, சேர்ந்தது. உடனே சித்தி, பெரியப்பா என்று வந்து அந்தக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சியதைப் பார்க்க வேண்டுமே! பரீட்சையில் முதல் மார்க் வாங்கின மாதிரி. சைக்கிள் வாங்கித் தருவதாக அவளுடைய அப்பா சொன்னார். வலிக்குமா, எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும், உனக்குச் சம்மதமா என்று அவளிடம் யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை.

அன்னா வக்கீலுக்குப் பணம் கொடுக்க லாக்கெட்டை அடகுக் கடையில் வைக்கிறாள் அல்லவா? மஜ்ஜை கொடுத்ததற்காக அவளுடைய அப்பா போட்டது அது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எனக்கு அந்தச் சைக்கிள் ஞாபகம்தான் வந்தது.

மஜ்ஜை கொடுப்பது தப்பு என்று சொல்ல வரவில்லை. மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுக்கிறார்கள், சில வாரத்தில் உடம்பு அதை ஈடுகட்டிக்கொள்ளும். கிட்னி அப்படியல்ல, போனால் போனதுதான். நம் ஊர்ச் சட்டத்திலும் உயிரோடிருக்கும் 18 வயது ஆகாத பிள்ளையிடமிருந்து உறுப்பு எடுக்கக் கூடாது என்பதுதான் பொது விதி, விதிவிலக்கு மிகவும் அபூர்வம். ஆனால் மஜ்ஜை விஷயத்தில் பிள்ளையின் குரலுக்கு எங்கே இடம்? அகமதாபாத்தில் 2018-இல், அண்ணனுடைய தலசீமியா என்கிற பரம்பரை ரத்த நோய்க்காகவே, அவனுக்குப் பொருந்துகிற கருவைத் தேர்ந்தெடுத்து ஒரு பெண் குழந்தை பிறந்தாள். 2020-இல் அவளுடைய மஜ்ஜையை அவனுக்குச் செலுத்தினார்கள். அப்போது அவளுக்கு ஒன்றரை வயது இருக்கும். அவளிடம் என்னவென்று கேட்பது? அவளுடைய அப்பா அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இங்கிலாந்தில் ஒரு நல்ல ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். தானே சம்மதம் சொல்லும் பக்குவம் வராத பிள்ளையிடம் மஜ்ஜை எடுக்க வேண்டுமென்றால், வைத்தியம் பார்க்கிற குழுவில் இல்லாத ஒருவர் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் பேசிய பிறகுதான் அனுமதி. நாவலில் அன்னாவின் நலனைப் பார்க்கக் கோர்ட் ஜூலியாவை நியமிக்கிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. நம் ஆஸ்பத்திரிகளில் அதற்கு ஒரு நாற்காலி போட்டால் போதும், பெரிய செலவில்லை.

முடிவுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அத்தனை பக்கம் வாதாடி, தீர்ப்பும் அன்னா பக்கம் வந்த பிறகு, கார் விபத்தில் அவளைக் கொன்று கிட்னியைக் கேட்டுக்கே கொடுத்தால் என்ன அர்த்தம்? கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுத்தாளர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். தீர்ப்புக்குப் பிறகு அந்த வீட்டில் ஐவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவார்கள் என்பதை அல்லவா எழுதியிருக்க வேண்டும்? 2009-இல் வந்த படத்தில் முடிவை மாற்றி, அக்காவைச் சாகவிட்டுத் தங்கையை வாழ விட்டார்கள் என்கிறாய். அதுவும் பதில் இல்லை. ஆனால் வழக்குப் போடச் சொன்னதே கேட்தான் என்று தெரிகிற இடம் அருமை. "போதும், என்னை விட்டுவிடுங்கள்" என்று நோயாளிப் பிள்ளை வாய்விட்டுச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை, தங்கச்சியிடம்தான் சொல்ல முடிந்தது. உன்னை அழ வைத்தது அந்த இடமாகத்தான் இருக்கும்.

இப்போது புத்தகம் அம்மாவிடம் இருக்கிறது. இங்கிலீஷ் கொஞ்சம் இடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே பாதி தாண்டிவிட்டாள். முடிவை நான் சொல்லவில்லை, நீயும் உளறிவிடாதே. அவள் முழுக்க முழுக்கச் சாரா கட்சி. "அவ இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன், இதுல கோர்ட்டுக்கு என்ன வேலை?" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது தயாராக வா. நான் நடுவில் வரமாட்டேன்.

அன்புடன்,
அப்பா