டீஎஸ்பியும் கூட்டெருவும்: நம் பசளைக் கடை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

ஐயாமார், அக்காமார், நானாமார், தம்பி தங்கைமார் எல்லோருக்கும் வணக்கம்.

வெலிமடைச் சந்தைப் பக்கம் இரண்டு கிழமையாக ஒரு கதை ஓடுகிறது. "டீஎஸ்பி வேண்டாம் என்று சொல்லித் தன்னுடைய கூட்டெருவைத் தலையில் கட்டப் பார்க்கிறார்" என்கிறார்களாம். டீஎஸ்பி என்பது பொஸ்பரஸுக்காக நாம் போடும் இரசாயனப் பசளை, கூட்டெரு என்பது குவித்து மக்க வைத்த எரு. இருபத்திரண்டு வருடமாக இதே மேசைக்குப் பின்னால் நிற்கிறேன். நிறுவையிலோ காலாவதித் திகதியிலோ ஒருவரையும் ஏமாற்றியதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் பக்கத்துப் பிழை. போன மாதம் பொரலந்தைப் பக்கத்து ஐயா ஒருவர் ஷொப்பிங் பையிலிருந்து லீக்ஸ் நாற்று ஒரு பிடியை எடுத்து மேசையில் வைத்தார். நுனியெல்லாம் மஞ்சள். ஒரு வார்த்தை பேசவில்லை. மீதியிருந்த கூட்டெரு மூடையைப் பிரித்துக் கையை விட்டேன். உள்ளே இன்னும் சூடு, மூக்கில் ஏறும் நெடி. மக்காத எரு. குவியலைப் புரட்டிக்கொண்டிருந்த தம்பி கட்டாருக்குப் போன பிறகு, மூன்று தரம் புரட்ட வேண்டியதை ஒரு தரம்தான் புரட்டியிருக்கிறோம். அவர்மேல் குற்றமில்லை, பார்த்து அனுப்பியிருக்க வேண்டியவன் நான். அந்தக் குவியலில் வாங்கிய எல்லோருக்கும் காசைத் திருப்பிக் கொடுக்கிறேன். பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் முகம் எனக்குத் தெரியும்.

ஆனால் மற்றக் கதை அப்படியல்ல. ஒரு மூடை டீஎஸ்பியில் எனக்கு நிற்கும் காசு கூட்டெருவில் நிற்பதைவிட அதிகம். கூட்டெருவை ஏற்றி இறக்கும் கூலியிலேயே பாதி போய்விடுகிறது. காசுதான் குறி என்றால் நான் பேசாமல் டீஎஸ்பியை விற்றுக்கொண்டிருக்கலாம்.

"2021இல் அரசாங்கம் செய்ததை இப்போது இவர் செய்கிறார்" என்று ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு மிகவும் வலித்தது இதுதான். அந்த மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுத்தபோது போகம் போய்விட்டது. வெறும் றாக்கைகளைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்பியவன் நான். ஐம்பது கிலோ மூடை யூரியாவில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைதான். அதே 23 கிலோவுக்கு ஒன்றரைத் தொன்னுக்கு மேல் சுமக்க வேண்டும். இந்த மலையில் அதை யார் ஏற்றுவது? தோட்டங்களிலும் பார்த்தோம்: 2021இல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை, 2022இல் 251 மில்லியனுக்கு இறங்கியது. கொழுந்து குறைந்த லயன் வீடுகளில் அந்த வருடம் அடுப்பு எப்படி எரிந்தது என்று நமக்குத் தெரியும். பசளையே வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

நான் சொல்வது டீஎஸ்பியைப் பற்றி மட்டும். குருநாகல் பக்கமிருந்து லொறியில் வரும் கோழிப் பசளையை ஒவ்வொரு போகமும் கொட்டுகிறோம். அதிலேயே பொஸ்பரஸ் நிறைய உண்டு. அதற்கு மேல் டீஎஸ்பி, இன்னும் பயமாக இருந்தால் இன்னொரு மூடை. யூரியா மாதிரி அது மழையில் கரைந்து ஓடிவிடாது. நம்முடைய புளித்த சிவப்பு மண்ணில் இறுகப் பிடித்துக்கொண்டு வருடா வருடம் சேர்கிறது. அளவுக்கு மிஞ்சிச் சேர்ந்தால் பயிரைத் துத்தநாகம் எடுக்க விடாது. இலை வெளுத்தால் பசளை போதவில்லை என்று நினைத்து இன்னும் போடுகிறோம். சேர்ந்த பொஸ்பரஸ் மழையில் நிலத்தை விட்டுப் போவது பெரும்பாலும் மண்ணோடு சேர்ந்துதான். கிழங்கு அழுகக்கூடாது என்று பாத்தியை மேலிருந்து கீழாக வெட்டுகிறோம், ஐப்பசி மழை மேல்மண்ணை வழித்து உமா ஓயாவில் தள்ளுகிறது, அங்கிருந்து ரந்தம்பே நீர்த்தேக்கத்துக்கு. அந்த அணை மண்ணால் நிரம்பிக்கொண்டு வருவதற்கு நம் மேட்டு நிலமும் ஒரு காரணம். என் அப்பா காலத்தில் முழங்கை வரை கறுப்பு மண் இருந்த எங்கள் காணியில் இப்போது மம்பட்டி இரண்டாம் வெட்டில் கல்லில் முட்டுகிறது. எந்த மூடையை விற்று அதைத் திருப்பிக் கொண்டுவருவேன்?

அதனால்தான் மண்ணைப் பரிசோதித்த பிறகு டீஎஸ்பி வாங்குங்கள் என்கிறேன். சோதனையில் குறைவு என்று வந்தால் நானே எடுத்துத் தருவேன். போதும் என்று வந்தால் அந்தக் காசை மண்ணின் புளிப்பைக் குறைக்கும் டோலமைட்டுக்கும், சரிவுக்குக் குறுக்காகக் கான் வெட்டும் கூலிக்கும் வையுங்கள். கான் ஓரத்தில் நடக் கிளிசிரிடியாத் தடி என் காணியில் இருக்கிறது, காசில்லாமல் வெட்டிக்கொள்ளலாம்.

தை முதலாம் திகதியிலிருந்து கொப்பிக் கணக்கில் கடன் இல்லை. பழைய பாக்கியை அறுவடைக்குப் பிறகு தந்தால் போதும்.

பசளையே இல்லாத அந்த ஏழு மாதத்திலும் "விதையாவது வாங்குகிறோம்" என்று வந்து நின்றீர்கள். உங்களால்தான் இந்தக் கடைக் கதவு இன்னும் திறக்கிறது. அந்த நன்றி என் பிள்ளைகளுக்கும் உண்டு.

மண் எடுக்கும்போது காணியில் பத்து இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் காயவைத்து அரைக் கிலோ கொண்டுவாருங்கள். பசளை போட்ட கையோடு எடுக்க வேண்டாம். பையில் பெயரும், கடைசியாக என்ன போட்டீர்கள் என்பதும் எழுதியிருக்கட்டும். வியாழக்கிழமைகளில் பண்டாரவளை விவசாயத் திணைக்கள நிலையத்துக்கு நானே கொண்டுபோகிறேன். புதன் மாலைக்குள் கடையில் தந்துவிடுங்கள்.